உயரம் முந்தும், பலம் பிந்தும்: 13 வயதுப் பையனுக்கு எந்த மோட்டோகிராஸ் பைக்?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. உயர்நிலை ஒன்றில் படிக்கிறான். உயரம் 158 செ.மீ., எடை 46 கிலோ. ஜோகூரில் இருக்கும் என் அண்ணன் போன வருடம் அவனை ஒரு மோட்டோகிராஸ் (மேடு பள்ளமான மண் தடத்தில் ஓட்டும் பைக் பந்தயம்) தடத்துக்கு அழைத்துப் போனார். அதிலிருந்து பள்ளி விடுமுறை வந்தால் போதும், அங்கேதான் கிடக்கிறான். பயிற்றுநர் இருக்கிறார், வாடகைக்குக் கிடைக்கும் கவாசாக்கி கேஎல்எக்ஸ்140 பைக்கை நன்றாகவே ஓட்டுகிறான். சின்னச் சின்னத் தாவல்களும் தாவ ஆரம்பித்துவிட்டான். இப்போது சொந்த பைக் வேண்டுமாம். என் கணவர், “எப்படியும் வளரப் போகிறான், 250 சிசி ஃபோர் ஸ்ட்ரோக்காக ஒரேயடியாக வாங்கிவிட்டால் தேசிய சேவைக்குப் போகும்வரை கவலையில்லை” என்கிறார். பயிற்றுநர் 125 டூ ஸ்ட்ரோக் என்கிறார். அண்ணனின் நண்பர் வீட்டில் ஒரு பழைய 85 சும்மா நிற்கிறது, மலிவாகத் தருகிறாராம். ஆறு மாதத்தில் சின்னதாகிவிடும் என்று என் கணவர் அதை வேண்டாம் என்கிறார். எதை வாங்குவது? வாங்கினால் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்ள முடியுமா? இந்த வயதில் இதெல்லாம் தேவைதானா என்ற பயமும் எனக்கு இருக்கிறது. (ஈசூன் வாசகி)

பதில்:

சகோதரி, மூன்று ஆண்கள் சொன்னதில் உங்கள் அண்ணன் சொன்னதுதான் சரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்த 85 பெரிய சக்கர வகையாக இருந்து, இயந்திரமும் நல்ல நிலையில் இருந்தால் அதை வாங்குங்கள். 125 அடுத்த கட்டம். 250-ஐ இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

உங்கள் கணவரின் கணக்கு எனக்குப் புரிகிறது. தீபாவளிச் சட்டையை ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் அடுத்த வருடமும் போடலாம் என்று நம் வீடுகளில் எல்லோரும் செய்வதுதான். சட்டை தொளதொளவென்று இருந்தால் யாருக்கும் எதுவும் ஆகாது. பைக் பெரிதாக இருந்தால் அதை அடக்கும் வேலை முழுவதும் பையனின் மணிக்கட்டுக்கும் முதுகுக்கும் போய்ச் சேரும்.

முதலில் சிசி குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். உங்கள் மகன் இப்போது ஓட்டுவது 140. அண்ணன் காட்டுவது 85. எண்ணை மட்டும் பார்த்தால் கீழே இறங்குவது போல் இருக்கும், பையன்கூட முகத்தைச் சுளிப்பான். உண்மையில் அது பெரிய ஏற்றம். கேஎல்எக்ஸ்140 காட்டுப்பாதையில் நிதானமாக ஓட்டுவதற்குச் செய்த ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி. கைப்பிடியைத் திருகினால் மெதுவாக, சீராக இழுக்கும். 85 மோட்டோகிராஸ் பந்தயத்துக்கென்றே செய்த டூ ஸ்ட்ரோக். அதன் குதிரைத்திறன் 140-ஐப் போல் இரண்டு மடங்குக்கு மேல். அந்தத் திறனும் சீராக வருவதில்லை. கீழே கொஞ்ச நேரம் தூங்குவது போல் இருந்துவிட்டு, ஆர்பிஎம் (இயந்திரம் சுழலும் வேகம்) ஒரு கட்டத்தைத் தாண்டியதும் திடீரென்று பாயும். அதனால்தான் பல இடங்களில் போட்டி வகுப்பு பிரிக்கும்போது 85 டூ ஸ்ட்ரோக்கை 150 ஃபோர் ஸ்ட்ரோக்கோடும், 125 டூ ஸ்ட்ரோக்கை 250 ஃபோர் ஸ்ட்ரோக்கோடும் ஒரே வரிசையில் நிறுத்துகிறார்கள். ஆக உங்கள் கணவர் சொல்வதும் பயிற்றுநர் சொல்வதும் ஏறக்குறைய ஒரே அளவு வண்டிகள்தான். இரண்டுமே முழு அளவு, பெரியவர்கள் ஓட்டும் உடம்பு.

அந்த உடம்பு எவ்வளவு பெரியது? முழு அளவு மோட்டோகிராஸ் பைக்கின் இருக்கை தரையிலிருந்து 95 முதல் 98 செ.மீ. உயரத்தில் இருக்கும். எடை, 125 என்றால் சுமார் 95 கிலோ, 250 ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் 105 கிலோவை ஒட்டி. உங்கள் மகன் 46 கிலோ. கேஎல்எக்ஸ்140-உம் 90 கிலோவுக்கு மேல்தானே, அதை ஓட்டுகிறானே என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்விதான். ஆனால் அதன் இருக்கை 78, 80 செ.மீ.தான். இரண்டு காலும் தரையில் நன்றாக ஊன்றும், வண்டியின் எடையைக் கால் வாங்கிக்கொள்ளும். அதே எடையை இன்னும் 15, 20 செ.மீ. உயரத்துக்குத் தூக்கி வைத்து, இயந்திரத்துக்கு மூன்று மடங்கு வெறியும் ஏற்றிவிட்டால் அது வேறு வண்டி.

85-இல் இரண்டு வகை உண்டு. சின்ன சக்கரம் என்றால் முன்னால் 17, பின்னால் 14 அங்குலம். பெரிய சக்கரம் என்றால் 19, 16. கேடிஎம் 85 எஸ்எக்ஸ் இந்த இரண்டு அளவிலும் வருகிறது. யமஹாவில் ஒய்இசட்85 சின்னது, அதன் எல்டபிள்யூ பெரியது. கவாசாக்கியில் கேஎக்ஸ்85 சின்ன சக்கரம், இருக்கை 83 செ.மீ.; கேஎக்ஸ்112 பெரிய சக்கரம், 87 செ.மீ. ஹோண்டா சிஆர்எஃப்150ஆர் ஃபோர் ஸ்ட்ரோக்காக இருந்தாலும் இதே உடம்புதான், அதிலும் பெரிய சக்கர வகை இருக்கிறது. 158 செ.மீ. பையனுக்குச் சின்ன சக்கரம் இப்போதே முட்டி இடிக்கும். உங்கள் கணவர் சொன்ன ‘ஆறு மாதத்தில் சின்னதாகிவிடும்’ என்பது அதற்கு நூற்றுக்கு நூறு பொருந்தும். எனவே அண்ணனிடம் முதலில் டயரைப் பார்க்கச் சொல்லுங்கள். முன் டயரின் பக்கவாட்டில் 70/100-19 என்றும் பின் டயரில் 90/100-16 என்றும் அச்சடித்திருந்தால் பெரிய சக்கரம். கடைசி எண் 17, 14 என்று இருந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

பெரிய சக்கர 85-இன் எடை ஏறக்குறைய 75 கிலோ. உயரம் 87, 88 செ.மீ. என்று கேட்டதும் பயப்பட வேண்டாம். மோட்டோகிராஸ் பைக்கில் யாருக்குமே இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படியாது, படியவும் தேவையில்லை. பையன் ஏறி உட்கார்ந்ததும் பின் சஸ்பென்ஷன் ஏறத்தாழ 9 செ.மீ. அமுங்கிக்கொடுக்கும்.

இப்போது வளர்ச்சி விஷயத்துக்கு வருகிறேன். பெற்றோர் ஏமாறுவது இங்கேதான். ஆண் பிள்ளைகள் பெரும்பாலும் 13, 14 வயதில்தான் மளமளவென்று உயர்வார்கள். உச்சத்தில் ஓர் ஆண்டுக்கு 9, 10 செ.மீ. கூட ஏறும். பாதம் முதலில் நீளும் (பள்ளிக் காலணி அடிக்கடி பற்றாமல் போகிறதா, அதுதான் அறிகுறி), அப்புறம் கால், கடைசியில் உடம்பு. ஆனால் தசையின் பலம் உயரத்தோடு சேர்ந்து வருவதில்லை. உயரம் வேகமாக ஏறும் காலத்துக்குச் சில மாதங்கள், சிலருக்கு ஓர் ஆண்டு கழித்துத்தான் பலம் வேகமாக ஏறும். இடைப்பட்ட காலத்தில் பையன் பார்ப்பதற்கு ஆள் மாதிரி இருப்பான். கால் தரையைத் தொடும், பெரிய பைக்கில் உட்கார வைத்தால் படத்துக்கு அழகாக இருக்கும். பத்து நிமிடம் தடத்தில் ஓட்டச் சொல்லுங்கள். முன்கைச் சதை கல்லாக இறுகி, விரல் கிளட்சை இழுக்க மறுக்கும். அதுவரை நின்று ஓட்டியவன் மேடு பள்ளத்தில் உட்கார்ந்துவிடுவான். உட்கார்ந்த பிறகு பைக் அவனை ஓட்டும்.

போதாததற்கு இந்தக் காலத்தில் பிள்ளைகளுக்குத் தன் கைகால் நீளமே பிடிபடாது. நேற்றுவரை ஒழுங்காகத் தாவியவன் இன்று காரணமில்லாமல் தடுமாறுவான். எலும்பின் முனையில் வளர்ச்சித் தட்டு என்று ஒரு குருத்தெலும்புப் பகுதி உண்டு. எலும்பு நீளுவது அங்கிருந்துதான். வளரும் வயதில் அதுதான் பலவீனமான இடம். பெரியவர்களுக்கு மூட்டு சுளுக்கிக்கொள்ளும் அதே அடியில், வளரும் பிள்ளைக்கு இந்தத் தட்டு பிளந்துவிடலாம். சரியாகக் கவனிக்காவிட்டால் அந்த எலும்பு கோணலாகவோ குட்டையாகவோ வளரும். விழுந்த பிறகு மணிக்கட்டிலோ கணுக்காலிலோ வீக்கம் இருந்தால், “சுளுக்குதான், எண்ணெய் போட்டு நீவிவிடு” என்று விடாமல் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

ஆகவே பைக்கை உயரத்துக்கு வாங்காதீர்கள், பலத்துக்கு வாங்குங்கள். அளந்து பார்க்க வழி இருக்கிறது, கடைக்காரரோ பயிற்றுநரோ சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. பையனுக்குத் தலைக்கவசம், பூட்ஸ், முட்டிக் காப்பு எல்லாம் போட்டுவிடுங்கள். பைக்கை மெதுவாகப் பக்கவாட்டில் தரையில் சாய்த்துப் படுக்க வையுங்கள். யாரும் கைகொடுக்காமல் அவன் தூக்கி நிறுத்த வேண்டும். ஒரு தடவை தூக்கினால் போதாது. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி, அப்புறம் இன்னொரு முறை. தடத்தில் விழும்போது களைப்போடுதான் விழுவான், பின்னால் வேறு வண்டிகள் வந்துகொண்டிருக்கும். மூன்றாவது முறை தூக்க முடியாத பைக் அவனுக்கு இன்னும் பெரியது. அடுத்து, அவனே உதைத்து ஸ்டார்ட் செய்யட்டும். பழைய 85-களில் பட்டன் ஸ்டார்ட் கிடையாது, காலால்தான் உதைக்க வேண்டும். கேஎல்எக்ஸில் பட்டனை அழுத்திப் பழகியவன் முதலில் திணறுவான், அது பரவாயில்லை. உதைக்கும்போது மறுகாலில் வண்டியைத் தாங்கி நிற்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பிறகு கால் வைக்கும் ஃபுட்பெக்கில் எழுந்து நிற்கச் சொல்லிப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். முழங்கை லேசாக மடிந்து வெளிப்பக்கம் பார்க்க வேண்டும், முதுகு கூன் விழாமல் இடுப்பில் மடிய வேண்டும். கைப்பிடியை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பும்போது முட்டி அதில் இடிக்கக் கூடாது. உட்கார்ந்த நிலையில் முட்டி இடுப்பைவிட மேலே போனால் பைக் சின்னது. கைப்பிடியை எட்டிப் பிடிக்கத் தோள் முன்னால் இழுபட்டால் பைக் பெரிது.

இனி ஒன்றரை ஆண்டில் பைக் சின்னதாகிவிடாதா? ஆகும், ஆனால் உங்கள் கணவர் நினைக்கும் வேகத்தில் இல்லை. ஹேண்டில்பாரை உயரமான வளைவுக்கு மாற்றலாம். அதைப் பிடிக்கும் கிளாம்பை முன்னால் தள்ளிப் பொருத்தும் வசதி பல மாடல்களில் இருக்கிறது. இருக்கைக்கு உயரமான ஃபோம் கிடைக்கிறது. பிரேக், கிளட்ச் லீவர்களைக் கைவிரல் நீளத்துக்கு ஏற்றபடி அருகிலும் தள்ளியும் வைக்கலாம். இவையெல்லாம் சேர்ந்தால் ஒரு நாலைந்து செ.மீ. வளர்ச்சியைத் தாராளமாகச் சமாளிக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரியது ஸ்பிரிங். என் பட்டறைக்கு வரும் அப்பாக்களில் பாதிப் பேர் சஸ்பென்ஷனில் உள்ள கிளிக் திருகுகளைத்தான் திருகித் திருகிப் பார்த்திருப்பார்கள். பையன் ஐந்தாறு கிலோ ஏறிய பிறகு கிளிக் எதையும் காப்பாற்றாது. அளக்க வேண்டியது அமுக்கத்தை. நாங்கள் ‘சாக்’ என்போம். பைக்கை ஸ்டாண்டில் ஏற்றிப் பின் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது, பின் அச்சிலிருந்து நேர் மேலே பின் மட்கார்டில் ஒரு புள்ளி குறித்து அந்தத் தூரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து பையன் எல்லாக் காப்பும் போட்டுக்கொண்டு ஃபுட்பெக்கில் நின்று, ஒரு தடவை குதித்து, மெதுவாக உட்காரட்டும். ஒருவர் முன்னால் கைப்பிடியைத் தொட்டுத் தாங்கிக்கொள்ள வேண்டும். இப்போது அதே தூரத்தை அளந்தால், முதல் அளவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம்தான் சாக். சஸ்பென்ஷன் மொத்தமாகப் போய்வரும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் சரி. பெரிய சக்கர 85-க்கு ஏறத்தாழ 9 செ.மீ. வரும். கூடக்குறைய இருந்தால் பின் ஷாக் அப்சார்பரின் மேலுள்ள வளையத்தைத் திருகிச் சரிசெய்யலாம்.

அங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சரிசெய்த பிறகு பையனை இறக்கிவிட்டு, பைக் தன் எடையில் மட்டும் எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்து பாருங்கள். மூன்று செ.மீ.யை ஒட்டி அமுங்கினால் ஸ்பிரிங் அவனுக்குப் பொருத்தம். கொஞ்சமும் அமுங்காமல் விறைத்து நின்றால் ஸ்பிரிங் கடினமாக இருக்கிறது என்று எல்லோரும் நினைப்பார்கள். நேர்மாறு. அவன் எடைக்கு ஸ்பிரிங் மெல்லிசாக இருப்பதால் வளையத்தை அளவுக்கு மீறி இறுக்க வேண்டியிருக்கிறது என்று பொருள். அடுத்த எண் ஸ்பிரிங் போட வேண்டிய நேரம் அதுதான். ஒரு செட் ஸ்பிரிங்கின் விலை புது பைக்கின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இந்த அளவை எடுத்துக் குறித்து வையுங்கள். பையனின் உயரம், எடையையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

இதில் 112 பற்றி ஒரு வார்த்தை. பெரிய சக்கர 85-ஐவிடக் கேஎக்ஸ்112-க்குக் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை நன்றாக இருக்கும், புதிதாக டூ ஸ்ட்ரோக் பழகுபவனுக்கு அது உதவும். ஆனால் 85 பிரிவுப் போட்டியில் அதைப் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள். போட்டியில் இறங்கும் எண்ணம் இருந்தால் பயிற்றுநரிடம் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

பழைய வண்டி பார்க்கும்போது அண்ணனை அந்த நண்பரிடம் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லச் சொல்லுங்கள்: “நாங்கள் வருவதற்குள் ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க.” போய் இறங்கியதும் இயந்திரத்தில் கை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் அது லேசில் ஸ்டார்ட் ஆகாது என்று சந்தேகப்படலாம். இருக்கையைக் கழற்றி ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு, அதன் பின்னால் இயந்திரத்துக்குப் போகும் ரப்பர் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் செம்மண் ஒட்டினால் அந்த இயந்திரம் மண்ணைக் குடித்திருக்கிறது. பேரம் பேச வேண்டியதில்லை, கிளம்பி வந்துவிடலாம். பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ‘கடக்’ என்று ஆட்டம் தெரியக் கூடாது. தெரிந்தால் லிங்கேஜ், ஸ்விங்ஆர்ம் பேரிங்குகள் போய்விட்டன, அது சரிசெய்யக்கூடியதுதான், விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஃபுட்பெக் பொருத்தியிருக்கும் இடத்தில் சட்டத்தில் விரிசல் இருந்தால் மட்டும் எந்த விலைக்கும் வேண்டாம். முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு, ஸ்போக் தளர்வு, வளைந்த ரேடியேட்டர் எல்லாம் இந்த விளையாட்டில் சாதாரணம்.

காகிதம் முக்கியம். மோட்டோகிராஸ் பைக் சாலைக்குப் பதிவாகாத வண்டி என்பதால் மலேசியாவில் அதற்குக் கிராண்ட் (வாகனப் பதிவுச் சான்று) இருக்காது. அதனால்தான் திருட்டு வண்டி கைமாறுவதும் சுலபம். கைப்பிடிக்குக் கீழே சட்டத்தின் கழுத்தில் பொறித்திருக்கும் எண்ணும், முதலில் வாங்கிய கடை ரசீதில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்ததென்றால் கே1 சுங்கப் படிவத்தின் நகல் கேளுங்கள். நண்பர்தானே, எப்படிக் கேட்பது என்று அண்ணன் கூச்சப்படுவார். கேட்கத்தான் வேண்டும். ஒன்றரை ஆண்டு கழித்து நீங்கள் விற்கப் போகும்போது அந்தக் காகிதம்தான் விலையைக் காப்பாற்றும்.

வாங்கிய அன்றே, இயந்திரம் ஓடிய நேரத்தைக் காட்டும் ஒரு மணி அளவி பொருத்திவிடுங்கள், சின்னப் பொருள், விலையும் குறைவு. டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனும் ரிங்கும் தேயும் பொருட்கள். எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று கையேட்டில் இருக்கும். ஒழுங்காக மாற்றினால் செலவு கைக்கு அடக்கம். தள்ளிப்போட்டால் சிலிண்டரையும் சேர்த்துக் கொண்டுபோகும். அப்படியும், வால்வு கெட்டுப்போன ஒரு 250 ஃபோர் ஸ்ட்ரோக்கைத் திறந்து மூடும் செலவுக்கு இது பக்கத்தில்கூட வராது. உங்கள் கணவரிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள், அவர் கணக்குப் பார்ப்பவர்போல் தெரிகிறது. பெட்ரோலில் டூ ஸ்ட்ரோக் எண்ணெய் கலக்க வேண்டும். கேஎக்ஸ் என்றால் 32-க்கு 1, அதாவது லிட்டருக்கு 31 மில்லி. மற்ற தயாரிப்புகளுக்கு அவரவர் கையேடு சொல்வது. ஏர் ஃபில்டரை ஒவ்வொரு முறை ஓட்டிய பிறகும் கழுவி எண்ணெய் தடவ வேண்டும். இந்த வேலை பையனுடையது. அம்மா கழுவக் கூடாது, மாமா கழுவக் கூடாது.

பணத்தை எங்கே போடுவது என்றால், முதலில் தலைக்கவசத்திலும் பூட்ஸிலும். இசிஇ 22.06 பாதுகாப்புத் தர முத்திரை உள்ள மோட்டோகிராஸ் தலைக்கவசம், இன்றைய தலைக்குப் பொருந்துவது. பெரிதாக வாங்கிப் பஞ்சு வைக்கும் பேச்சே வேண்டாம். ஒருமுறை பலமாக அடிபட்டால் வெளியே கீறல் தெரியாவிட்டாலும் தூக்கிப் போட்டுவிட வேண்டும். ஆகவே பழைய தலைக்கவசம் வாங்காதீர்கள். பூட்ஸ் மட்டும் பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. பாதம் வளரும் வேகத்தில் பாதி புதிதாகவே கைமாறும்.

அடுத்தது சிங்கப்பூர். கொண்டுவரவே வேண்டாம். மோட்டோகிராஸ் பைக்கில் விளக்கு, ஹாரன், எண்பலகை எதுவும் இல்லை. நிலப் போக்குவரத்து ஆணையத்தில் சாலைக்குப் பதிவு செய்ய முடியாது. பதிவில்லாத வண்டிக்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார்ப்பார்க்கில் மாதாந்தர இடம் கிடைக்காது. தாழ்வாரத்தில் பெட்ரோல் டேங்கோடு ஒரு வண்டியை நிறுத்துவதைப் பக்கத்து வீட்டார் சொல்வதற்கு முன் குடிமைத் தற்காப்புப் படையே வந்து சொல்லும். ஓட்டுவதற்கும் இடமில்லை. பூங்கா இணைப்புப் பாதையிலோ காட்டுப்பாதையிலோ ஏறினால் அபராதம். ஆள் நடமாட்டமில்லாத அரசு நிலம் என்றாலும் அனுமதியில்லாமல் நுழைந்தால் அத்துமீறல். சாலை உரிமம் வேண்டுமென்றால் சிறிய மோட்டார்சைக்கிளுக்கான 2பி வகுப்புக்கே 18 வயது நிறைய வேண்டும். பைக் ஜோகூரில் இருக்கட்டும், அண்ணன் வீட்டிலோ தடத்தின் கிடங்கிலோ. வாரம் ஒருமுறை லாரியில் ஏற்றி உட்லண்ட்ஸில் இரண்டு பக்கச் சுங்கத்துக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது உங்களால் முடியாது. இப்போது வாகன நுழைவு அனுமதி, முக்கால் டேங்க் பெட்ரோல் விதி என்று கார் கடப்பதற்கே ஆயிரம் சடங்கு.

அண்ணனிடம் ஒன்றைக் கறாராகச் சொல்லிவிடுங்கள். “செம்பனைத் தோட்டத்துப் பாதைதானே, யார் கேட்கப் போகிறார்கள்” என்று பையனைத் தடத்துக்கு வெளியே ஓட்ட விடக் கூடாது. மாமாக்களுக்குச் செல்லம் அதிகம். தடத்தில் எல்லோரும் ஒரே திசையில் போவார்கள், கொடி காட்ட ஆள் இருப்பார். தோட்டப் பாதையில் வளைவுக்கு அந்தப் பக்கம் பழ லாரி வரும்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். அது தேவையில்லாத பயம் என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம். சாலைக்கு வெளியே ஓட்டும் மோட்டார் வண்டிகள் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு மிகவும் ஆபத்தானவை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் வெகுகாலமாகச் சொல்லிவருகிறது. இன்னொரு பக்கம், உலக ஜூனியர் மோட்டோகிராஸ் போட்டியில் 65, 85, 125 என்று பிள்ளைகளுக்கென்றே வகுப்புகள் நடக்கின்றன. இரண்டும் உண்மை. உங்கள் மகன் ஏற்கெனவே பயிற்றுநரிடம், வாடகை வண்டியில், படிப்படியாகத்தான் வந்திருக்கிறான். அது நல்ல வழி. நீங்கள் வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் அதில் தவறில்லை. கேஎல்எக்ஸை இன்னும் ஓராண்டு வாடகைக்கே ஓட்டட்டும் என்றாலும் அவனுக்கு எதுவும் குறைந்துவிடாது. சரி என்றால், தடத்தில் முதலுதவி ஆளும் வண்டியும் இருக்கும் நாளில் மட்டும் ஓட்டட்டும். பயணக் காப்புறுதியை எடுத்துப் படியுங்கள். மோட்டார் விளையாட்டுகளுக்குப் பணம் தர மாட்டோம் என்று பலவற்றில் சின்ன எழுத்தில் இருக்கும். ஜோகூர் பாருவில் எலும்பு முறிவுக்கு எந்த மருத்துவமனைக்குப் போவது, யார் காரில் போவது என்று அண்ணனோடு இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

125 எப்போது? அவன் 165 செ.மீ.யைத் தாண்டி, 55 கிலோவை ஒட்டி வந்து, 85-இல் கடைசிச் சுற்றுவரை நின்றே ஓட்டி, 125-ஐ மூன்று தடவை தரையிலிருந்து தூக்கும்போது. பயிற்றுநர் சொன்னது தப்பில்லை, கொஞ்சம் முன்னால் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். அந்த நாள் அடுத்த டிசம்பர் விடுமுறையில் வரலாம், அதற்கடுத்த ஜூனிலும் வரலாம். அதுவரை 85-ஐ நன்றாக வைத்திருந்தால் வாங்கிய விலைக்குப் பக்கத்திலேயே விற்கலாம்.

அண்ணன் வண்டியைப் பார்த்துவிட்டு வந்ததும் மாடல், ஆண்டு, டயர் எண்கள், அந்த வெள்ளைத் துணியின் படம் ஆகியவற்றை அனுப்புங்கள். பையனின் எடையை பூட்ஸ், தலைக்கவசம், மார்புக் காப்பு எல்லாம் போட்ட நிலையில் எடுத்து அதோடு எழுதுங்கள். எந்த ஸ்பிரிங் வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.